புதுப்பிக்க மறுத்த பெட்டிகள்

கொள்கலன் என்றதும் கிள்ளான் துறைமுகத்தில் அடுக்கி வைத்திருக்கும் இரும்புப் பெட்டிகளும் அவற்றை ஏற்றிச் செல்லும் லோரிகளும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். கணினித் துறையிலும் அதே பெயரில் ஒன்று உண்டு. நம் கழகத்தின் இணையத்தளம், பழைய ஆண்டு மலர்களின் மின்படிகள், இம்மலருக்குக் கட்டுரை பெற்ற படிவம் ஆகிய மூன்றும் அத்தகைய கொள்கலன்களுக்குள்தான் இயங்குகின்றன. முன்பு செயலவையில் இருந்த ஓர் அண்ணன் அவற்றை 2020-இல் அமைத்துக் கொடுத்துவிட்டுப் பட்டம் பெற்றுச் சென்றார். அவருக்குப் பின் யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. 2024 டிசம்பர் விடுமுறையில் அவற்றைப் புதுப்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஒரு பிற்பகல் வேலை என்று நினைத்தேன். கட்டளையைத் தட்டினால் புதிய பதிப்புகள் இறங்கும். இறங்கியதும் தேநீர் குடிக்கப் போகலாம். ஆனால் அந்த வேலை இரண்டு வாரம் இழுத்தது. ஒவ்வொரு பெட்டியும் வெவ்வேறு காரணம் சொல்லிப் புதுப்பிக்க மறுத்தது. காரணங்கள் வெவ்வேறாகத் தோன்றினாலும், பெரும்பாலும் பிழை வந்த இடம் ஒன்றுதான் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதை விளக்குவதே இக்கட்டுரை. இடையில் நானே செய்த ஒரு தவறும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

வாடகை அறை

கொள்கலனைச் 'சின்னக் கணினி' என்று பலர் விளக்குவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த எண்ணம்தான் என்னை முதலில் வழி தவற வைத்தது.

மாணவர்கள் பலர் தங்கும் ஒரு வாடகை வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, ஒரு சாவி. அறைக்குள் கட்டிலை எப்படிப் போடுவது, சுவரில் எந்தப் படம் மாட்டுவது என்பதெல்லாம் அவரவர் விருப்பம். ஆனால் தண்ணீர்த் தொட்டி ஒன்று, மின்மீட்டர் ஒன்று, வெளிக்கதவும் ஒன்று. அவை வீட்டுக்காரருடையவை. கொள்கலனும் இப்படித்தான். உள்ளே கோப்புகள், பயனர்கள், நிரல்கள் எல்லாம் தனித்தனியே இருந்தாலும், வன்பொருளோடு பேசும் கெர்னல் என்ற மையப் பகுதி மட்டும் எல்லாருக்கும் பொதுவானது. அது வெளியே உள்ள தாய்க்கணினிக்குச் சொந்தம்.

இதை ஒரே கட்டளையில் சோதித்துப் பார்க்கலாம். கழக இணையத்தளம் ஓடும் கொள்கலனுக்குள் இருப்பது சென்ட்ஓஎஸ் 8. அதனுள் நுழைந்து கெர்னலின் பதிப்பு என்ன என்று கேட்டேன். வந்த பதில் தாய்க்கணினியின் கெர்னலின் பெயர்! தாய்க்கணினியில் இருப்பது டெபியன் அடிப்படையிலான ப்ராக்ஸ்மாக்ஸ். ஆகவே கொள்கலனுக்குள் இருந்துகொண்டு கெர்னலைப் புதுப்பிக்க முயல்வதில் பொருளில்லை. அதை வெளியே செய்து, தாய்க்கணினியை ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும். அப்போது அதில் உள்ள எல்லா அறைகளுக்கும் சேர்ந்துதான் இருட்டாகும்.

இந்த எண்ணம் ஒன்றும் புதிதல்ல. ஒரு நிரலுக்குக் கோப்பு மரத்தின் ஒரு கிளையை மட்டும் காட்டி 'இதுதான் உலகம்' என்று நம்பவைக்கும் 'சீரூட்' வசதி 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே வந்துவிட்டது. ஃப்ரீபிஎஸ்டி 2000-இல் அதைச் 'சிறை' என்ற பெயரில் இன்னும் இறுக்கமாக்கியது. லினக்ஸில் எல்எக்ஸ்சி 2008-இலும் டாக்கர் 2013-இலும் வந்தன. அதே 2013-இல் வெளியான லினக்ஸ் 3.8 கெர்னலில் 'பயனர் பெயர்வெளி' என்ற வசதி முழுமை பெற்றது. என்னை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்த சிக்கலுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

முதல் தோல்வி: முகவரி மாறிய கடை

இணையத்தளக் கொள்கலனில் புதுப்பிப்புக் கட்டளையைத் தட்டியதுமே, 'ஆப்ஸ்ட்ரீம்' களஞ்சியத்தின் விவரங்களை இறக்க முடியவில்லை, பட்டியலில் முகவரி ஒன்றுகூட இல்லை என்று செய்தி வந்தது. கொள்கலனின் இணைய இணைப்பில்தான் கோளாறு என்று எண்ணி ஒரு முழு மாலையை வீணாக்கினேன். வேறு தளங்களுக்கு இணைப்பு ஒழுங்காகவே கிடைத்தது.

காரணம் வேறு. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என்று நம்பித்தான் பலரும் அதை நிறுவினார்கள். ஆனால் 2020 டிசம்பரில் அந்தக் காலக்கெடு திடீரென்று சுருக்கப்பட்டது. 2021 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்தது. 2022 ஜனவரி இறுதிக்குப் பின் அதன் பொதிகள் வழக்கமான களஞ்சியங்களிலிருந்து எடுக்கப்பட்டு 'வால்ட்' என்ற பழைய பொருள் கிடங்குக்கு மாற்றப்பட்டன. நம் கொள்கலன் பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அதாவது ஏறக்குறைய மூன்று ஆண்டுகளாக நம் இணையத்தளம் எந்தப் பாதுகாப்புத் திருத்தமும் இல்லாமல் உலகத்தின் முன் திறந்து கிடந்திருக்கிறது. இதை எழுதும்போதும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

களஞ்சிய முகவரிகளை வால்ட்டுக்கு மாற்றினால் பொதிகள் இறங்கும். ஆனால் கிடங்கில் புதிய சரக்கு வராது. எனவே அதை ஒரு படிக்கட்டாக மட்டும் பயன்படுத்தி, 2021-இல் தோன்றிய அல்மாலினக்ஸ் 8-க்கு மாறிவிடுவது என்று முடிவு செய்தேன். மாற்றுவதற்கான நிரலை அவர்களே தருகிறார்கள். இந்தத் தோல்விக்கும் கொள்கலனுக்கும் உண்மையில் தொடர்பில்லை. தனிக்கணினியாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இருந்தாலும் இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. கொள்கலனுக்குள் ஒரு புதுப்பிப்பு தோற்றால், 'இதே பதிப்பு ஒரு தனிக்கணினியில் இருந்தால் இந்தப் பிழை வருமா?' என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வரும் என்றால் கொள்கலனைக் குடைய வேண்டியதில்லை.

இரண்டாம் தோல்வி: 'யாருமில்லை'யின் சொத்து

மாற்றம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட பொதிகள் வரிசையாக ஏறின. இறுதியில் ஒன்றே ஒன்று விழுந்தது. அதன் பெயர் 'ஃபைல்சிஸ்டம்'. கோப்பை விரிக்கும்போது உரிமையாளரை மாற்ற முடியவில்லை, அச்செயலுக்கு அனுமதி இல்லை என்றது செய்தி. மீண்டும் தட்டினேன். மீண்டும் அதே வரி. நான் ரூட் பயனராக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ளவனாக நுழைந்திருக்கிறேன். எனக்கே அனுமதி இல்லையா?

ஃபைல்சிஸ்டம் பொதியில் நிரல் என்று எதுவும் கிடையாது. அமைப்பின் அடிப்படைக் கோப்புறைகள் எவை, ஒவ்வொன்றும் யாருக்குச் சொந்தம், யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்தான் அதன் சாரம். அந்தப் பட்டியலில் 'ப்ராக்', 'சிஸ்' என்ற இரண்டு கோப்புறைகளும் உண்டு. அவை வட்டில் இருக்கும் சாதாரணக் கோப்புறைகள் அல்ல. கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டுவதற்காக நினைவகத்திலிருந்து விரிக்கும் தோற்றங்கள். கொள்கலனுக்குள் அவற்றின் உரிமையாளர் யார் என்று பார்த்தேன். 'நோபடி' என்று இருந்தது. எண் 65534. யாருமில்லை!

இங்கேதான் 2013-இல் வந்த பயனர் பெயர்வெளி வருகிறது. அதிகாரம் குறைக்கப்பட்ட கொள்கலனில் ரூட்டின் எண் உள்ளே 0 என்று தெரிந்தாலும், வெளியே தாய்க்கணினியில் அது 100000. உள்ளே உள்ள 1 வெளியே 100001. இப்படி 65536 எண்கள் தொடர்ச்சியாக ஒதுக்கப்பட்டிருந்தன. தாய்க்கணினியின் உண்மையான ரூட்டான 0 இந்த ஒதுக்கீட்டில் இல்லை. ப்ராக்கும் சிஸ்ஸும் அந்த உண்மையான 0-க்குச் சொந்தமானவை. கொள்கலனுக்குள்ளிருந்து பார்க்கும்போது அந்த உரிமையாளரைக் குறிக்க எண்ணே இல்லாததால், 'யாருமில்லை' என்ற எண் போட்டுக் காட்டப்படுகிறது. கொள்கலனின் ரூட் என்பவர் தம் அறைக்குள் மட்டும் ராஜா. அவர் வீட்டுக்காரரின் மின்மீட்டரில் தம் பெயரை ஒட்டப் போனால் கெர்னல் விடாது.

நான் அறைக்குச் சாயம் பூச ஒருவரை அழைக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். 'வீட்டில் உள்ள எல்லாக் கதவுகளும்' என்று எழுதிய பழைய பட்டியலோடு அவர் வருகிறார். என் அறைக் கதவைப் பூசிவிட்டு நேரே வெளிக்கதவுக்குப் போகிறார். வீட்டுக்காரர் தடுக்கிறார். 'பட்டியல்படி வேலை முடியவில்லை, எனவே வேலையே தோல்வி' என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறார். ஃபைல்சிஸ்டம் பொதி செய்வது அச்சு அசலாக இதைத்தான்.

இதற்கு மூன்று வழிகள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. முதலாவது, கொள்கலனை முழு அதிகாரம் உள்ளதாக மாற்றிவிடுவது. பிழை மறையும், ஆனால் அப்போது உள்ளே உள்ள ரூட்டும் வெளியே உள்ள ரூட்டும் ஒன்றாகிவிடும். இணையத்தளத்தில் ஓர் ஓட்டை வழியே யாராவது நுழைந்து கொள்கலனின் வேலியையும் தாண்டினால் வீடு முழுவதும் அவர் கையில். ஒரு பிழைச்செய்தியை அடக்குவதற்காக வீட்டுச்சாவியைத் தூக்கிக் கொடுப்பதை நான் எந்நாளும் ஒப்பமாட்டேன். இரண்டாவது, அந்தப் பொதியை மட்டும் புதுப்பிப்பிலிருந்து விலக்கி வைப்பது. இது தற்காலிகமாகச் சரி. ஆனால் அதைப் பிறகு மறந்துவிடுவோம். நம் கழகத்தில் 'பிறகு' என்பது மூன்று ஆண்டு என்று ஏற்கெனவே பார்த்தோம்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. ஆர்பிஎம் என்னும் பொதி மேலாளருக்கு 'நெட்ஷேர்ட்பாத்' என்று ஓர் அமைப்பு உண்டு. பல கணினிகள் ஒரே கோப்புறையை வலையமைப்பு வழியே பகிர்ந்துகொள்ளும் சூழலுக்காக வைத்தது அது. 'இந்தப் பாதைகள் வேறு இடத்திலிருந்து பகிரப்படுபவை, இவற்றைத் தொடாதே' என்பது அதன் பொருள். ஆர்பிஎம்மின் அமைப்புக் கோப்பில் அதற்கு சிஸ், ப்ராக் என்ற இரண்டு பாதைகளையும் மதிப்பாகக் கொடுத்து ஒரே ஒரு வரி சேர்த்தேன். அடுத்த முறை ஃபைல்சிஸ்டம் மறுபேச்சில்லாமல் ஏறியது. கொள்கலன்களை நினைத்து உருவாக்காத ஒரு வசதி அவற்றுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது வியப்பாக இருந்தது. 'இது உன்னுடையதல்ல' என்று சொல்வதற்கு ஒரு வரி போதும்போலும்.

பழைய மலர்களின் மின்படிகள் இருக்கும் கொள்கலனைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. டெபியன் அமைப்பு. புதுப்பிப்பு முடியும்போது, சேவையைத் தொடங்க 'பாலிசி' கோப்பு அனுமதி மறுத்தது என்று ஒரு வரி சிவப்பாக வந்து என்னைப் பயமுறுத்தியது. அது பிழையே அல்ல. நிறுவும்போதே சேவைகள் தாமாக எழக்கூடாது என்பதற்காகச் சில கொள்கலன் படிமங்களில் வேண்டுமென்றே ஒரு சிறு கோப்பு வைத்திருப்பார்கள். 'தொடங்கலாமா?' என்று கேட்டால் அது 101 என்ற எண்ணைத் திருப்பித் தரும். 101 என்றால் 'கூடாது'. பொதி ஒழுங்காக ஏறியிருந்தது. சிவப்பாக வருவதெல்லாம் தோல்வி அல்ல என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள் ஆனது.

மூன்றாம் தோல்வி: 1970-க்குப் போன கடிகாரம்

கழக அறையில் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு ராஸ்பெரி பை தொங்கிக்கொண்டிருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். உள்ளங்கை அளவுதான். கட்டுரை பெறும் படிவம் அதில்தான் ஒரு டாக்கர் கொள்கலனாக ஓடியது. கொள்கலனுக்குள் இருந்தது ஆல்பைன் லினக்ஸ். மிகச் சிறியது என்பதால் டாக்கர் பயனர்களுக்குப் பிடித்தமானது.

டாக்கரில் புதுப்பிக்கும் முறையே வேறு. எல்எக்ஸ்சி கொள்கலனுக்குள் நுழைந்து ஒரு தனிக்கணினியைப் போல் பராமரிக்கலாம். டாக்கர் கொள்கலனை அப்படிப் பழுது பார்ப்பதில்லை. புதிய அடிப்படைப் படிமத்தை எடுத்து, அதன் மேல் நம் நிரலை வைத்துப் புதிய கொள்கலனைக் கட்டிவிட்டுப் பழையதை அப்புறப்படுத்துவதுதான் வழக்கம். நானும் பழைய ஆல்பைனை விட்டுப் புதிய பதிப்பை அடிப்படையாக வைத்துக் கட்டத் தொடங்கினேன். பொதிப்பட்டியலை இறக்கும் முதல் படியிலேயே நின்றது. செய்தி என்ன தெரியுமா? தற்காலிகப் பிழை, பிறகு முயல்க. நான் நல்ல பிள்ளையாக இரவு முழுவதும் காத்திருந்து காலையில் முயன்றேன். அதே தற்காலிகப் பிழை!

கட்டி முடியாத அந்தக் கொள்கலனுக்குள் நுழைந்து இன்று என்ன தேதி என்று கேட்டேன். 1970 ஜனவரி 1 என்றது. தாய்க்கணினியில் தேதி சரியாகவே இருந்தது. கடிகாரம் கெர்னலுக்குச் சொந்தம், கெர்னலோ ஒன்றுதான். பிறகு எப்படி உள்ளே மட்டும் 1970?

இதை விளக்க ஒரு சிறு முன்கதை வேண்டும். 32 பிட் கணினிகளில் நேரத்தை 1970 ஜனவரி 1-இலிருந்து கடந்த விநாடிகளாக எண்ணி 32 பிட் எண்ணில் வைத்திருந்தார்கள். அந்த எண் 2038 ஜனவரி 19-இல் நிரம்பி வழிந்துவிடும். அதற்கு முன்னேற்பாடாக லினக்ஸ் கெர்னலில் 64 பிட்டில் நேரம் சொல்லும் புதிய அழைப்புகள் சேர்க்கப்பட்டன. 2021 ஜனவரியில் வந்த ஆல்பைன் 3.13 முதல் அதன் அடிப்படை நூலகம் நேரம் கேட்கும்போது இந்தப் புதிய அழைப்பைத்தான் முதலில் பயன்படுத்துகிறது. அது இல்லாத பழைய கெர்னலாக இருந்தால் பழைய அழைப்புக்கு இறங்கிவிடும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் டாக்கர் கொள்கலனுக்கும் கெர்னலுக்கும் நடுவில் ஒரு ஜாகா நிற்கிறார். செக்காம்ப் என்று பெயர். எந்தெந்த அழைப்புகளை உள்ளே விடலாம் என்ற பட்டியல் அவரிடம் இருக்கும். நம் ராஸ்பெரி பையில் இருந்தது 2019-ஆம் ஆண்டின் பஸ்டர் பதிப்பு. அதன் செக்காம்ப் நூலகத்துக்குப் புதிய அழைப்பின் எண்ணே தெரியாது. தெரியாத எண் வந்தால் அவர் 'அப்படி ஓர் அழைப்பு இங்கே இல்லை' என்று சொல்லியிருந்தால், ஆல்பைன் பழைய அழைப்புக்குத் திரும்பியிருக்கும். அவரோ 'அனுமதி இல்லை' என்றார். ஓர் அடுக்குமாடியில் புதிய மின்தூக்கி எங்கே என்று ஜாகாவிடம் கேட்கிறோம். 'இங்கே அப்படி ஒன்று இல்லை' என்றால் படியேறிப் போவோம். 'போகக்கூடாது' என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். இல்லை என்பதற்கும் கூடாது என்பதற்கும் உள்ள இந்த ஒரு சொல் வேறுபாட்டில்தான் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விட்டது. தேதி 1970 என்றால் களஞ்சியத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்றாகும். சான்றிதழ் செல்லாது, இணைப்பு அறுந்தது. அதற்குத்தான் 'தற்காலிகப் பிழை' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

ஆகவே கொள்கலனுக்குள் எதைச் செய்தாலும் இது தீராது. நோய் வெளியே இருக்கிறது. தாய்க்கணினியில் செக்காம்ப் நூலகத்தை 2.4.2-க்கு மேற்பட்ட பதிப்புக்கு உயர்த்தி, டாக்கரையும் புதுப்பித்தேன். கொள்கலனுக்குள் தேதி உடனே இன்றைய தேதியானது. இது ராஸ்பெரி பையோடு நின்ற கதையும் அல்ல. உபுண்டு 22.04 படிமத்தை 20.10.10-க்கு முந்தைய டாக்கரில் ஓட்டியவர்களும் இதே வகைச் சுவரில் முட்டினார்கள். அங்கே கேட்கப்பட்டது நேரம் அல்ல, புதிய இழையைத் தொடங்கும் 'குளோன்3' என்ற அழைப்பு. அங்கேயும் 'இல்லை' என்று வரவேண்டிய பதில் 'கூடாது' என்று வந்தது.

என் தவறு

கடிகாரம் சரியான மகிழ்ச்சியில் இரவு பதினொரு மணிக்குப் புதிய படிவத்தைக் கட்டி முடித்தேன். பழைய கொள்கலனை நிறுத்தி, அழித்து, புதியதை ஓடவிட்டேன். பக்கம் அழகாகத் திறந்தது. ஆனால் வந்து சேர்ந்த கட்டுரைகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டியது. அன்று காலை அது பதினேழாக இருந்தது. கட்டுரை அனுப்ப இறுதி நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

டாக்கர் படிமம் மாற்ற முடியாதது. கொள்கலன் ஓடும்போது எழுதப்படுபவை எல்லாம் அதன் மேல் விரித்த ஒரு மெல்லிய அடுக்கில் போய்ச் சேரும். கொள்கலனை அழித்தால் அந்த அடுக்கும் அழியும். அதனால்தான் காக்கவேண்டிய தரவை வெளியே தாய்க்கணினியில் ஒரு கோப்புறையில் வைத்து அதை உள்ளே இணைப்பார்கள். அந்த அண்ணன் அப்படித்தான் இணைத்து வைத்திருந்தார். ஆனால் ஆறு மாதத்துக்கு முன் படிவத்தில் ஒரு மாற்றம் செய்தபோது, தரவுத்தளக் கோப்பின் இடத்தை நான்தான் வேறு கோப்புறைக்கு மாற்றினேன். அது இணைப்புக்கு வெளியே இருந்தது. அதன் பிறகு கழக அறையில் பலமுறை மின்சாரம் தடைப்பட்டது, ராஸ்பெரி பை எத்தனையோ முறை அணைந்து எழுந்தது, ஒரு கட்டுரைகூடத் தொலையவில்லை. நிறுத்தி எழுப்பினால் மெல்லிய அடுக்கு அப்படியே இருக்கும், அழித்தால்தான் போகும். எனவே எனக்குச் சந்தேகமே எழவில்லை.

அழிப்பதற்கு முன் 'டாக்கர் டிஃப்' என்ற கட்டளையைத் தட்டியிருந்தால், அடிப்படைப் படிமத்தோடு ஒப்பிட்டு உள்ளே என்னென்ன புதிதாக எழுதப்பட்டுள்ளன என்று அது பட்டியல் போட்டுக் காட்டியிருக்கும். தரவுத்தளக் கோப்பின் பெயர் அதில் கண்ணில் பட்டிருக்கும். பத்து விநாடி வேலை. இப்போது எதையும் அழிக்குமுன் அதைத் தட்டாமல் என் கை நகர்வதில்லை.

மறுநாள் பதினேழு பேருக்கும் வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதினான்கு பேரிடம் சொந்தப் பிரதி இருந்தது, அன்றே மீண்டும் அனுப்பினார்கள். இருவர் குறிப்புகளை வைத்து எழுதித் தந்தார்கள். எஞ்சியவர் முதலாமாண்டு மாணவி. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தம் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தார்.

"அண்ணா, நான் நேரா அந்தப் பக்கத்துலேயே டைப் பண்ணேன். வேற எங்கயும் வைக்கல," என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ராஸ்பெரி பையை உடனே அணைத்து, அதன் நினைவட்டையைக் கழற்றி, முழுவதையும் என் மடிக்கணினியில் அப்படியே படியெடுத்தேன். கோப்பு அழிந்தாலும் அதன் எழுத்துகள் மேலெழுதப்படும் வரை வட்டில் கிடக்கும் என்பது ஒரு நம்பிக்கை. படிவம் எழுத்துகளை ஒருங்குறியில் சேமித்திருந்தது நல்லதாயிற்று. 'பாட்டி' என்ற சொல் எந்த பைட் வரிசையாக இருக்கும் என்று தெரியும். அந்த வரிசையை அட்டை முழுவதும் தேடவிட்டேன். ஒரு மணி நேரம் ஓடியது. முதலில் கிடைத்தவை வேறொருவர் கட்டுரையின் வரிகள். பிறகு அவருடையவை வந்தன: மூன்று துண்டுகள். ஒன்றில் விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றி விளக்கோடு பாட்டி கிளம்பும் காட்சி முழுமையாக இருந்தது. இன்னொன்று பாதி வாக்கியத்தில் தொடங்கிப் பாதி வாக்கியத்தில் நின்றது. மூன்றாவதில் தலைப்பும் அவர் பெயரும் மட்டும். மற்ற இடங்களில், புதிய கொள்கலனைக் கட்டும்போது நான் இறக்கிய ஆல்பைன் பொதிகள் அமர்ந்திருந்தன.

துண்டுகளை அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு இரவு உட்கார்ந்து மீதியை எழுதினார். பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டுச் சில தகவல்களைத் திருத்தியதாகவும், பழைய வடிவத்தில் இருந்த ஒரு பத்தி மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை என்றும் சொன்னார். அந்தக் கட்டுரை இம்மலரில் இருக்கிறது. படிவத்தின் தரவுக் கோப்புறை இப்போது வெளியே இணைக்கப்பட்டு, ஒவ்வோர் இரவும் ஒரு மணிக்கு இன்னொரு கணினிக்குப் படியாகிறது. அடுத்த செயலவைக்கு நான் ஒப்படைக்கும் கோப்பில் மூன்று கொள்கலன்களின் பெயர், பதிப்பு, ஆதரவு முடியும் ஆண்டு, தரவு இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கழக அறைத் தொலைக்காட்சியின் பின்புறம் ஒரு படியும் ஒட்டி வைத்திருக்கிறேன்.